பாலிவாட்டர்: இல்லாத தண்ணீரைத் தேடிய பதினோரு வருஷம்

(எபிசோடில் பேசியதை வாசிப்பதற்கு ஏற்றபடி கொஞ்சம் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம் இது.)

இன்னிக்கு எபிசோட் தண்ணியைப் பத்தி. குடிக்கிற தண்ணிதான். ஆனா கதை ரஷ்யாவுல ஒரு சின்ன ஊர்ல தொடங்கி, அமெரிக்காவுல ஒரு விஞ்ஞானியோட வியர்வை பிழிஞ்ச டீ-ஷர்ட்ல போய் நிக்கும். நடுவுல உலகமே உறைஞ்சு போயிடுமோன்னு ஒரு பயமும் வரும்.

அதுக்கு முன்னாடி, இந்த எபிசோட் ஏன்னு சொல்லிடறேன்.

போன பொங்கலுக்குக் கோயம்புத்தூர்ல சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறைச் சுவத்துல புதுசா ஒரு பெட்டி மாட்டியிருந்தது. தண்ணீர் மெஷின். விலை ஒரு லட்சத்துக்கு மேல. சித்தப்பா முப்பது வருஷம் லேத் பட்டறை நடத்தினவர். மைக்ரோமீட்டர் வச்சு அளக்காம எதையும் ஒத்துக்காத ஆளு. அவர் ஒரு வழவழப்பான புத்தகத்தை எடுத்து என்கிட்ட நீட்டினார். முதல் பக்கத்துலேயே தண்ணீர் மூலக்கூறுகள் அழகா அறுகோணமா அடுக்கி வச்ச மாதிரி ஒரு படம்.

"சாதாரணத் தண்ணியில மூலக்கூறு எல்லாம் பெரிய பெரிய கொத்தா இருக்குமாம் கண்ணு. இந்த மெஷின் அதை உடைச்சு ஆறு ஆறா அடுக்கிடுமாம். உடம்புல சீக்கிரம் எறங்குமாம்."

நான் என்ன பண்ணேன் தெரியுமா? சித்தி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் உக்காந்திருக்கும்போதே, அஞ்சு நிமிஷத்துல அது பொய்னு சொல்லி முடிச்சேன். சொன்னது எல்லாம் சரிதான். ஆனா சித்தப்பா புத்தகத்தை மூடி வச்சுட்டு எழுந்து போயிட்டார். நான் கிளம்பற வரைக்கும் சரியா முகம் கொடுத்துப் பேசல.

திரும்பி வர்ற பஸ்ல எனக்குப் பாலிவாட்டர் ஞாபகம் வந்தது. தண்ணீர் மூலக்கூறுகளை ஒரு புது அமைப்புல அடுக்கி வைக்க முடியும்னு சித்தப்பாவை விடப் பெரிய பெரிய ஆளுங்க நம்பின கதை அது. அதைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

கை கோத்து கை விடும் மூலக்கூறுகள்

முதலில் கொஞ்சம் அடிப்படை. இது இல்லாமல் கதை புரியாது.

தண்ணீர் ஒரு தனிமம் இல்லை, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு பொருள் என்பது 1780களில் கேவெண்டிஷ், லவாய்சியர் ஆகியோரின் சோதனைகளில் தெளிவானது. ஒரு ஆக்சிஜனுக்கு இரண்டு ஹைட்ரஜன் என்ற கணக்கு நிலைபெற இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அணுக் கொள்கையைக் கொடுத்த டால்ட்டனே தண்ணீரை ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்றுதான் எழுதி வைத்திருந்தார்.

சரி, எச்-டூ-ஓ என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் ஒரு பெரிய புதிர் மிச்சம் இருந்தது. ஆக்சிஜனுக்கு நேர் கீழே, தனிம அட்டவணையில் அதன் தம்பி மாதிரி இருப்பது கந்தகம். கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் வருமே, அந்த வாயுதான். அது மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். தண்ணீர் மூலக்கூறு அதைவிட எடை குறைவு. அப்படியானால் இன்னும் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்திருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் பூமியில் கடலே இருக்கக் கூடாது. ஆனால் தண்ணீர் 100 டிகிரி வரைக்கும் தாக்குப் பிடிக்கிறது. எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது?

1920ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் லாட்டிமர், ரோட்புஷ் என்ற இருவர் ஒரு பதிலை அச்சில் வைத்தார்கள். அதே துறையில் மாணவராக இருந்த மாரிஸ் ஹக்கின்ஸும் இதே யோசனையில்தான் இருந்தார். பதில் இதுதான்: ஒரு தண்ணீர் மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனோடும் ஒரு மெல்லிய பிடிப்பு வைத்துக்கொள்கிறது. இன்று ஹைட்ரஜன் பிணைப்பு என்று பள்ளியில் படிக்கிறோமே, அதுதான்.

அது எப்படி நடக்குதுன்னு பாருங்க. தண்ணீர் மூலக்கூறு நேர்கோடு இல்ல. நடுவுல ஆக்சிஜன், ரெண்டு பக்கமும் ஹைட்ரஜன், நடுவுல 104.5 டிகிரி கோணம். ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கமா இழுத்து வச்சுக்கும். அதனால ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர் மின்சுமை, ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர் மின்சுமை. ஒரு மூலக்கூறு ரெண்டு கை நீட்டும், அதன் ஆக்சிஜனை வேற ரெண்டு பேர் வந்து பிடிச்சுக்கலாம். ஆக மொத்தம் நாலு பிடி.

பனிக்கட்டியில இந்த நாலு பிடியும் அந்தந்த இடத்துல நிக்கும். அப்போ அறுகோண வளையங்கள் கிடைக்கும். நடுவுல காலி இடம் இருக்கறதாலதான் ஐஸ் தண்ணியில மிதக்குது. அதாவது சித்தப்பா காட்டின படம் பொய்ப் படம் இல்ல. அது பனிக்கட்டியோட படம்!

திரவத் தண்ணீரில் கதை வேறு. மூலக்கூறுக்கு உள்ளே ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் இணைக்கும் பிணைப்போடு ஒப்பிட்டால், இந்தப் பக்கத்து வீட்டுப் பிணைப்புக்குச் சுமார் இருபதில் ஒரு பங்கு பலம்தான். அறை வெப்பமே அதை அறுக்கப் போதும். ஒன்று அறுந்தால் அடுத்த கணமே இன்னொருவரோடு கோத்துக்கொள்ளும். கோலாட்டத்தில் ஒருவரோடு கோல் தட்டிவிட்டு உடனே அடுத்த ஆளிடம் திரும்புவதைப் போல. எவ்வளவு வேகமாகத் தெரியுமா? ஒரு பிணைப்பின் ஆயுள் பிக்கோசெகண்ட் கணக்கு. ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. என் தொழில் பாஷையில் சொன்னால், 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸரின் ஒரே ஒரு கிளாக் துடிப்புக்கு 333 பிக்கோசெகண்ட் ஆகும். லேப்டாப் ஒரு துடிப்பு துடிப்பதற்குள் தண்ணீருக்குள் கூட்டாளிகள் நூற்றுக்கணக்கான முறை மாறிவிடுவார்கள்.

இந்தத் திரவ அமைப்பை முதலில் விரிவாக வரைந்து காட்டியவர்கள் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜே. டி. பெர்னலும் ஆர். எச். ஃபவுலரும். அவர்கள் கட்டுரை வந்தது 1933ல். அதற்குப் பின்னால் ஒரு கதை சொல்வார்கள். முந்தைய வருஷம் மாஸ்கோ விமான நிலையத்தில் மூடுபனி. விமானம் கிளம்பவில்லை. மணிக்கணக்காகக் காத்திருந்த இருவரும், எதிரே இருந்த பனியைப் பார்த்தே தண்ணீரின் அமைப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்களாம். பெர்னல் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க. அவர் திரும்ப வருவார்.

கோஸ்த்ரோமாவில் ஒரு கண்ணாடிக் குழாய்

இப்போ நம்ம கதைக்கு வருவோம். மாஸ்கோவுக்கு வடகிழக்கே, வோல்கா நதிக்கரையில் கோஸ்த்ரோமா என்று ஓர் ஊர். அங்கே ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் நிக்கோலாய் ஃபெத்யாகின் என்ற ஆராய்ச்சியாளர் மெல்லிய கண்ணாடி நுண்குழாய்களுக்குள் தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் கொஞ்சம் தண்ணீர், குழாயின் இரண்டு முனையும் மூடியாச்சு. நாட்கள் போகப் போக, நடுவில் இருந்த தண்ணீர் குறைந்து, முனைகளுக்குப் பக்கத்தில் புதிதாகச் சின்னச் சின்னத் தண்ணீர்த் துளிகள் தானாகவே வளர ஆரம்பித்தன. அந்தப் புதுத் துளிகள் சாதாரணத் தண்ணீர் மாதிரி நடந்துகொள்ளவில்லை. 1962ல் இதை எழுதி வெளியிட்டார்.

விஷயம் மாஸ்கோவுக்குப் போனது. அங்கே போரிஸ் டெர்யாகின். சாதாரண ஆள் இல்ல இவர். பால், பெயின்ட், மை மாதிரியான கலவைகளில் மிதக்கும் நுண்துகள்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கின்றன என்பதை விளக்கும் கோட்பாட்டுக்கு இன்றும் அவர் பெயரின் முதல் எழுத்து இருக்கிறது. டி.எல்.வி.ஓ. என்பார்கள், அதில் 'டி' இவர்தான். பரப்பு விசைகள் பற்றி உலகத்திலேயே முன்னணியில் இருந்த ஒரு சிலரில் ஒருவர்.

அவருடைய ஆய்வகம் செய்முறையைச் சுத்தமாக்கியது. புதிதாக இழுத்த குவார்ட்ஸ் நுண்குழாய்கள். அதற்குள் நீராவியை அனுப்பிப் படிய வைப்பது. கிடைத்த திரவத்தின் குணங்கள் விசித்திரமாக இருந்தன. உறைய வேண்டுமானால் மைனஸ் 40 டிகிரி பக்கம் போக வேண்டும். கொதிக்க 150 டிகிரிக்கு மேல் வேண்டும். அடர்த்தி 1.4 வரைக்கும். பிசுபிசுப்பு சாதாரணத் தண்ணீரைப் போல 15 மடங்கு.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. ஸ்கூல்ல வேதியியல் படிச்சவங்களுக்கு மனசுல ஒரு மணி அடிக்கணும். உறைநிலை குறையுது, கொதிநிலை கூடுது, அடர்த்தி கூடுது. தண்ணியில உப்பைக் கரைச்சா என்ன ஆகும்? அதேதான்.

டெர்யாகினுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். அவருடைய வாதம் இது: நான் தண்ணீரை ஊற்றவில்லை, ஆவியாக அனுப்பிப் படிய வைக்கிறேன். ஆவியோடு உப்பு வராது. காய்ச்சி வடித்த தண்ணீர் ஏன் சுத்தம்? அதே காரணம்தான். அதனால் இது அசுத்தம் இல்லை. கண்ணாடிப் பரப்பின் மேல் தண்ணீர் மூலக்கூறுகளே புது விதமாக அடுக்கிக்கொள்கின்றன.

வாதத்தில் ஓட்டை எங்கே என்று பின்னால் பார்ப்போம். இப்போதைக்கு ஒன்று: ஒரு குழாயில் கிடைத்த திரவத்தின் அளவு மைக்ரோகிராம் கணக்கில்தான். எடுத்து ஊற்றிச் சோதிக்கும் அளவுக்கு யாரிடமும் இல்லை. கோஸ்த்ரோமாவில் தொடங்கியவரின் பெயரும் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனது. சில வருஷங்களில் உலகம் இதை டெர்யாகினின் தண்ணீர் என்றே பேச ஆரம்பித்தது.

மேற்கு நாடுகள் விழித்துக்கொண்டன

1966 செப்டம்பர். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஃபாரடே சொசைட்டியின் கூட்டம். டெர்யாகின் வந்து தன் முடிவுகளைச் சொன்னார். அதன் பிறகுதான் மேற்கு நாட்டு ஆய்வகங்கள் இதில் இறங்கின. இறங்கியவர்களில் நம்ம பெர்னலும் ஒருவர். ஆமா, மூடுபனியில் உட்கார்ந்து தண்ணீர் மூலக்கூறைப் பற்றிப் பேசிய அதே பெர்னல். லண்டனில் அவருடைய பிர்க்பெக் கல்லூரிக் குழுவும் இந்தத் தண்ணீரைத் தயாரித்துப் பார்த்தது.

பனிப்போர்க் காலம் அது. 1957ல் ஸ்புட்னிக்கை விட்டுச் சோவியத் முந்திக்கொண்ட அதிர்ச்சி அமெரிக்காவில் இன்னும் ஆறவில்லை. இந்தத் தண்ணீர் விஷயத்திலும் பின்தங்கிவிடக் கூடாது என்ற அவசரம் வந்தது.

1969 ஜூனில் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் எல்லிஸ் லிப்பின்காட், அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸின் ராபர்ட் ஸ்ட்ரோம்பெர்க், இன்னும் இருவர். அவர்கள் அந்தத் திரவத்தை அகச்சிவப்பு ஒளியில் பார்த்தார்கள். ஒவ்வொரு பிணைப்புக்கும் அதிர்வதற்கு என்று ஓர் அலைநீளம் உண்டு. அகச்சிவப்பு நிறமாலை என்பது ஒரு பொருளின் கைரேகை மாதிரி. இந்தத் திரவத்தின் கைரேகையில் தண்ணீருக்கே உரிய அடையாளப் பட்டையைக் காணவில்லை. அவர்களுக்குத் தெரிந்த வேறு எந்தப் பொருளோடும் பொருந்தவும் இல்லை.

இதற்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம். ஒன்று, இது தண்ணீரே இல்லை. இன்னொன்று, இது தண்ணீர்தான், ஆனால் அடையாளமே தெரியாத அளவுக்கு மாறிவிட்ட தண்ணீர். அவர்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து, பிளாஸ்டிக் மாதிரி ஒரு பாலிமர் ஆகிவிட்டன என்றார்கள். பெயரும் வைத்தார்கள்: பாலிவாட்டர். அமைப்பும் வரைந்தார்கள். இரண்டு ஆக்சிஜனுக்கும் சரியாக நடுவில் ஹைட்ரஜன். பல மடங்கு பலமான பிணைப்பு. அறுகோண வளையங்கள்.

பைத்தியக்காரத்தனமா இதுன்னு கேட்டா, இல்ல. ஹைட்ரஜன் பிணைப்பு உண்மையிலேயே இருக்கு. ரெண்டு ஃப்ளோரினுக்கு நட்ட நடுவுல ஹைட்ரஜன் உக்காந்து ரொம்ப பலமா பிணையற ஓர் அயனியும் உண்மையிலேயே இருக்கு. ஐஸ்ல அறுகோணம் இருக்கு. ஒவ்வொரு செங்கல்லும் நிஜம். கட்டின வீடுதான் கற்பனை. நல்லா படிச்சவங்களை ஏமாத்த முழுப் பொய் போதாது, இந்த மாதிரி முக்கால் உண்மைதான் வேணும்.

கணினியும் சேர்ந்துகொண்டது. பிரின்ஸ்டனில் லீலண்ட் ஆலனும் பீட்டர் கோல்மனும் குவாண்டம் கணக்குப் போட்டு, இப்படி ஓர் அறுகோண அமைப்பு நிலையாக இருக்க வாய்ப்புண்டு என்று 1970ல் எழுதினார்கள். அடுத்த வருஷமே இன்னும் துல்லியமாகக் கணக்குப் போட்டு, அப்படி இருக்க முடியாது என்று அவர்களே எழுதினார்கள். என்னை மாதிரி கோட் எழுதறவங்க இதைச் சுவத்துல எழுதி வச்சுக்கணும். ப்ரோக்ராம் ஓடி பதில் வந்துடுச்சுங்கறதுக்காக அது சரியான பதில்னு ஆகாது.

கடல் முழுக்க உறைஞ்சுட்டா?

1969 அக்டோபரில் நேச்சர் இதழில் டோனஹோ என்ற அமெரிக்க விஞ்ஞானியின் கடிதம் வெளியானது. பாலிவாட்டர் சாதாரணத் தண்ணீரை விட நிலையானது என்றால், ஒரு துளி வெளியே கசிந்தாலும் அது மற்ற தண்ணீரையெல்லாம் தன்னைப் போல மாற்றிவிடலாம். ஆபத்தில்லை என்று நிரூபணம் ஆகும் வரை இதை மிக மிக ஆபத்தான பொருளாக நடத்துங்கள் என்பதுதான் சாரம். பல பேருக்கு உடனே ஞாபகம் வந்தது கர்ட் வானகட் 1963ல் எழுதிய 'கேட்ஸ் க்ரேடில்' நாவல். அதில் வரும் ஐஸ்-நைன் என்ற கற்பனைப் பொருள், தொட்ட தண்ணீரையெல்லாம் உறைய வைத்து உலகத்தையே முடித்துவிடும்.

ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே பாலிவாட்டருக்கு எதிரான வாதமும் இருந்தது. பல நூறு கோடி வருஷமாகப் பூமியில் தண்ணீரும் இருக்கிறது, குவார்ட்ஸ் மணலும் இருக்கிறது. பாலிவாட்டர்தான் நிலையானது என்றால் கடல் எப்போதோ பாலிவாட்டர் ஆகியிருக்க வேண்டுமே? ரிச்சர்ட் ஃபெய்ன்மன் பேரில் ஒரு வாதம் சொல்வார்கள்: பாலிவாட்டர் நிஜம்னா, உணவே சாப்பிடாத ஒரு பிராணி இருந்திருக்கும். தண்ணியைக் குடிச்சு பாலிவாட்டரா வெளியேத்தி, நடுவுல கிடைக்கிற சக்தியிலேயே வாழ்ந்திருக்கும். அப்படி ஒரு பிராணி இல்ல. அதனால பாலிவாட்டரும் இல்ல!

அந்த டீ-ஷர்ட்

நியூ ஜெர்சியில் பெல் லேப்ஸ். டிரான்சிஸ்டர் பிறந்த இடம். அங்கே டெனிஸ் ரூசோ என்ற இளம் விஞ்ஞானி பாலிவாட்டர் சாம்பிள்களை எடுத்து, கேட்கவேண்டிய முதல் கேள்வியைக் கேட்டார்: இதில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன? 1970ல் வந்த முடிவு: சோடியம், குளோரின், சல்ஃபேட் எல்லாம் கணிசமாக இருந்தன. தண்ணீர் மட்டும்தான் என்று சொல்லப்பட்ட பொருளில் உப்பு.

அசுத்தம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் விவாதம் முடியவில்லை. உங்க சாம்பிள் அசுத்தம், எங்களுடையது சுத்தம் என்று பதில் வரும். எங்க துறையில ரொம்பப் பிரபலமான ஒரு வசனம் இருக்கே, "என் மெஷின்ல ஓடுதே"ன்னு. கிட்டத்தட்ட அதேதான்.

ரூசோ ஹேண்ட்பால் ஆடுகிறவர். ஒரு நாள் ஆடி முடித்ததும், நனைந்து போன டீ-ஷர்ட்டைப் பிழிந்து அந்த வியர்வையை எடுத்தார். அதற்கு அகச்சிவப்பு நிறமாலை எடுத்தார். பாலிவாட்டரின் நிறமாலைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒன்று. எந்தப் பொருளோடும் பொருந்தாத அந்த மர்மக் கைரேகை, பெரும்பாலும் வியர்வையில் இருக்கும் சோடியம் லாக்டேட்டின் கைரேகை! 1971ல் இதையும் சயின்ஸ் இதழே வெளியிட்டது.

எல்லா ஆய்வகத்து பாலிவாட்டரும் வியர்வைதான் என்று அர்த்தம் இல்லை. ஓரிடத்தில் உப்பு, ஓரிடத்தில் குவார்ட்ஸிலிருந்தே கரைந்த சிலிக்கா. ஆனால் ஒரு மைக்ரோகிராம் பொருளை வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது, விரல் பட்ட இடம் கூட ஒரு பெரிய அசுத்தம்தான்.

இப்போ டெர்யாகின் வாதத்துல இருந்த ஓட்டைக்கு வருவோம். ஆவியோட உப்பு வராது, சரி. ஆனா உப்பு ஏற்கெனவே குழாய்க்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமா இருந்தா? ஐப்பசி அடைமழையில சமையலறை உப்பு ஜாடி என்ன ஆகும்? யாரும் தண்ணி ஊத்தாமலே நசநசன்னு ஆயிடும். உப்பு காத்துல இருக்கிற ஈரத்தைத் தானே இழுத்துக்கும். டெர்யாகின் குழாய்களும் முழுசா ஈரம் நிறையாத, அதுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற நீராவியிலதான் வச்சிருந்தாங்க. அந்த நிலைமையில சுத்தமான தண்ணி துளியா திரளவே கூடாது. எங்க அசுத்தம் இருக்கோ அங்க மட்டும்தான் திரளும். அதாவது, அந்தச் செய்முறை அசுத்தமான துளிகளை மட்டும் பொறுக்கி எடுக்கிற ஒரு ஃபில்டர் மாதிரி வேலை செஞ்சிருக்கு.

1973

நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்து போன பிறகு, 1973ல் நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் டெர்யாகினும் அவருடைய சகா சுராயெவும். அசுத்தமே இல்லாமல் தயாரிக்க முடிந்த துளிகளில் விசித்திரக் குணங்கள் எதுவும் இல்லை. அந்தக் குணங்கள் அசுத்தங்களால் வந்தவை. நீராவி குவார்ட்ஸ் பரப்போடு வினை புரிந்ததும் ஒரு காரணம். அவ்வளவுதான். கதை முடிந்தது.

டெர்யாகினுக்கு அப்போது 71 வயது. பல வருஷம் தன் பெயரால் அறியப்பட்ட ஒன்றை, தன் கையாலேயே, உலகம் பார்க்கும் இடத்தில் அழித்தார். பெர்னல் இந்த முடிவைப் பார்க்கவில்லை. அவர் 1971லேயே இறந்துவிட்டார்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. தாழ்ந்த அழுத்தத்தில் வாயுவிலிருந்தே வைரப் படலம் வளர்க்க முடியும் என்று டெர்யாகினின் ஆய்வகம் பல வருஷம் உழைத்துக் காட்டியது. மேற்கில் பலர் அதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். பாலிவாட்டர்காரர்தானே என்ற நினைப்பும் அதற்கு ஒரு காரணம். 1980களில் ஜப்பானியர்கள் அதைச் செய்து காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று அந்த முறையில் வைரம் வளர்ப்பது ஒரு தொழிலாகவே இருக்கிறது. அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி.

மறுபடியும் கோயம்புத்தூர்

ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை மெஷினைப் பத்தி நான் வாயே திறக்கல. சாயங்காலம் திண்ணையில உக்காந்து, கோஸ்த்ரோமாவுல ஆரம்பிச்சு டீ-ஷர்ட் வரைக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். சித்தப்பா அமைதியா கேட்டுட்டு இருந்தார். வியர்வையைப் பிழிஞ்ச இடத்துல சிரிச்சார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"டெமோ காட்டுனப்ப ஒரு சொட்டு மருந்து விட்டாங்க கண்ணு. மெஷின் தண்ணி ஊதாவா மாறுச்சு. அது என்னது?"

"அது நெசந்தான் சித்தப்பா. உள்ள மின்சாரம் விட்டுத் தண்ணியோட காரத்தன்மையைக் கூட்டறாங்க. மருந்து அதைத்தான் காட்டுது. மூலக்கூறு ஆறு ஆறா அடுக்கியிருக்கான்னு அது காட்டாது. அப்படி அடுக்கினாலும், டம்ளர்ல பிடிச்சு வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள கோடிக்கணக்கான தடவை கலைஞ்சிடும்."

கொஞ்ச நேரம் யோசிச்சார். அப்புறம் அவரே சொன்னார்: "அப்ப ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தர்லாம்."

தண்ணி லேசா இருக்கு, ருசியா இருக்குன்னுதான் அவர் எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தார். சித்தி ரெண்டு எவர்சில்வர் டம்ளர் எடுத்தாங்க. ஒண்ணுல சிறுவாணித் தண்ணி, ஒண்ணுல மெஷின் தண்ணி. எது எதுன்னு டம்ளருக்கு அடியில ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி அடையாளம் வச்சாங்க. எனக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது. பத்துத் தடவை மாத்தி மாத்தி வச்சாங்க. சித்தப்பா ஆறு தடவை சரியா சொன்னார்.

"காசு சுண்டிப் போட்டாலும் இவ்ளோதான் வரும்"னார். அவ்வளவுதான், வேற எதுவும் சொல்லல. நானும் எதுவும் சொல்லல. போன தடவை பண்ணின தப்பை மறுபடி பண்ண வேண்டாம்னு இருந்தேன்.

ராத்திரி சாப்பிடும்போதுதான் விஷயமே வெளியே வந்தது. காலையில அவரோட வாக்கிங் போறவங்கள்ல ரெண்டு பேர், இவர் சொன்னதைக் கேட்டு அதே மெஷினை வாங்கியிருக்காங்க. பொங்கலப்ப நான் எல்லார் முன்னாடியும் பேசினப்ப அவர் எழுந்து போனதுக்குக் காரணம் அதுவும்தான். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் அன்னிக்கு அங்க உக்காந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு அப்போ அது தெரியாது.

போன வாரம் சித்தி ஃபோன்ல சொன்னாங்க. சித்தப்பா அந்த ரெண்டு பேரையும் உக்கார வச்சு, நான் சொன்னது தப்புங்கன்னு சொல்லிட்டாராம். டம்ளர் சோதனையையும் பண்ணிக் காட்டியிருக்கார். ஒருத்தர் சிரிச்சுட்டு விட்டுட்டாராம். இன்னொருத்தர் இப்ப தனியா வாக்கிங் போறாராம்.

மெஷின் இன்னும் சுவத்துலதான் இருக்கு. சித்தப்பா குடத்துல சிறுவாணி பிடிச்சுக் குடிக்கிறார்.

இந்த எபிசோட் இவ்வளவுதான் நண்பர்களே. உங்க வீட்லயும் இந்த மாதிரி ஒரு விவாதம் நடந்திருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.